வீடு மாறும்போது ஹாம்ஸ்டரைச் சாமானோடு ஏற்றாதீர்கள்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தென்காசியிலிருந்து கேரளத்துப் புனலூருக்கு வீடு மாறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பாதி வழியில் திரும்பி, செங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்தது. அப்பா கையில் ஹாம்ஸ்டர் (எலி போல இருக்கும் சின்ன வளர்ப்புப் பிராணி) கூண்டு, கம்பியெல்லாம் தொட்டால் சுட்டது. சாமான் ஏற்றிய குட்டியானையில் ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவே கூண்டைச் சொருகி, தூசி படக்கூடாது என்று தார்ப்பாயையும் இழுத்து மூடியிருக்கிறார்கள். புளியரை செக்போஸ்டில் லாரி வரிசை, முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. "தூங்குதுன்னு நெனச்சோம் டாக்டர்" என்றார் அவர்.

அது தூங்கவில்லை. ஒருக்களித்துக் கிடந்தது, தாடை முழுக்க எச்சில், விலா எலும்பு தெரிய வேகவேகமாக மூச்சு. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றி எடுத்து, மெல்லச் சூட்டைக் குறைத்தோம் (பதறிப்போய் ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி இன்னும் கெடுதல்). மறுநாள் காலை இறந்துவிட்டது. கூட வந்த பாப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அது எங்களக் கூப்பிட்டிருக்குமா டாக்டர் மாமா?"

கூப்பிட்டிருக்காது என்பதுதான் உண்மை. நாய் குரைக்கும், பூனை கத்தித் தீர்க்கும். ஹாம்ஸ்டர் பெரிய பிராணிகளுக்கு இரையாகும் சாதி, கஷ்டம் வந்தால் சத்தம் போடாமல் ஒடுங்கிக் கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், அது உங்கள் கண் பார்வையிலேயே பயணம் செய்ய வேண்டும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே வண்டியில்.

அதற்கு ஏற்ற சூடு 20 முதல் 24 டிகிரி வரை. முப்பதைத் தாண்டினாலே திணறும், நம்மைப் போல வியர்த்து ஆறவும் அதற்கு வராது. நிறுத்தி வைத்த கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை ஏறிவிடும், ஜன்னலை விரற்கடை திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. செங்கோட்டை, புனலூர் இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான், தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. வண்டி நிற்கும் நேரம்தான் ஆபத்து. கோடையில் போகிறீர்களா, விடியற்காலையிலேயே கிளம்பி வெயில் ஏறுமுன் ஆரியங்காவு தாண்டிவிடுங்கள், புனலூர் வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. சாரல் காலமென்றால் ஈரக்காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏசி காற்றும் அதன் மேல் நேராக அடிக்கக் கூடாது.

பெரிய கூண்டிலேயே கொண்டுபோக வேண்டாம், தென்மலை வளைவுகளில் சக்கரமும் ஏணியும் அதன் மேலேயே விழும். அட்டைப்பெட்டியும் வேண்டாம், புனலூர் போவதற்குள் கடித்து வெளியே வந்துவிடும். அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, கடிப்பதுதான் அதற்கு வேலை. மூடி இறுக்கமாக உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் காய்ச்சிய ஆணியால் நிறைய ஓட்டை போட்டால் தாராளம். தண்ணீர் பாட்டில் குலுக்கலில் ஒழுகி உள்ளே எல்லாம் நனைந்துவிடும், அதற்குப் பதில் இரண்டு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சு வைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம், நூல் காலில் சுற்றி இறுகியே இரண்டு கேஸ் பார்த்திருக்கிறேன். டப்பாவை மடியிலோ, பின்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்திலோ வைத்துக்கொள்ளலாம். சிரியன் வகை இரண்டு இருந்தால் இரண்டு டப்பா, ஒன்றாகப் போட்டால் சண்டையில் ஒன்று போய்விடும். குட்டி போட்டு மூன்று வாரம் ஆகாத தாயை அசைக்காதீர்கள், பயத்தில் குட்டிகளையே தின்றுவிடும்.

அப்புறம், நல்ல எண்ணத்தில் செய்கிற ஒரு தப்பு. புது வீட்டுக்குப் போகிறோம் என்று கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய படுக்கையைக் கொட்டிவிடுகிறார்கள். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மட்டம், அதன் வீடு என்பது அதன் வாசனைதான். பழைய படுக்கையில் இரண்டு கைப்பிடி டப்பாவுக்குள்ளும், மீதி புது இடத்தில் கூண்டுக்குள்ளும் போக வேண்டும், மூலையில் சேர்த்து வைத்த தீனியோடு சேர்த்து.

புது வீட்டில் பால் காய்ச்சுவோம், சாம்பிராணி போடுவோம், பெயிண்ட் வாசனையும் போயிருக்காது. அந்தப் புகை எட்டாத அறையில் கதவைச் சாத்தி வையுங்கள். முன்பு குடியிருந்தவர்கள் எலி மருந்தோ, எலி ஒட்டும் அட்டையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று மூலை மூலையாகப் பாருங்கள். எறும்பு ஏறாமல் மேசைக் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது நம் பாட்டிமார் வழி, இதற்கும் அது சரி. இரண்டு மூன்று நாள் கையில் எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். 120 கிராம் இருந்தது ஒரு வாரத்தில் 108க்கு வந்தால் தாமதிக்கக் கூடாது. வால் பக்கம் ஈரமாக, நாற்றத்தோடு இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், வெட் டெயில் என்று சொல்லும் இந்த வயிற்றுப்போக்கு அலைச்சலில்தான் அதிகம் வரும், அதிலும் இரண்டு மாதம் ஆகாத குட்டிகளுக்கு. இரண்டு நாளில் உயிர் போய்விடலாம். வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலினை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அந்த வகை மருந்து ஹாம்ஸ்டர் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்துக் கொன்றே விடும்.

கேரளப் பக்கம் மிருகாசுபத்திரி எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரும். ஹாம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று வீடு மாறுவதற்கு முன்பே ஃபோனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.