வால்யூமைக் குறைத்தால் போதாது

போலீஸ் வாக்கி-டாக்கி செட்டைக் கொண்டுவந்து மறுபடியும் அதே புகார். "சார், செட்டுல சத்தமே வரல." பார்த்தேன். ஸ்பீக்கர் சரி, பேட்டரி சரி, ஆன்டெனாவும் சரி. மணல் வண்டியைப் பிடிக்கப் பாலாற்றங்கரையில் பதுங்கியிருந்த காவலர், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று வால்யூமை அடியோடு இறக்கியிருக்கிறார். அக்கரையில் மாட்டிக்கொண்ட சக காவலர் உதவிக்குக் கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை. செட்டில் கோளாறு இல்லை. செட்டில் செருகிக் காதில் மாட்டும் இயர்பீஸ் அவரிடம் இல்லை, அதுதான் கோளாறு.

"வால்யூமைக் குறைச்சுக்கலாமே, இயர்பீஸ் எதுக்கு?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ராத்திரியில் அல்லேரி மலையில் சாராய ரெய்டுக்கு ஏறுகிறீர்கள். எதிர்முனையில் பேசி முடித்துப் பட்டனை விட்டதும் வரும் 'கர்ர்', சார்ஜ் இறங்கும்போது அடிக்கும் 'பீப்', இரண்டில் ஒன்று போதும், அடுப்புப் போட்டவன் ஓடிவிடுவான். அதே வால்யூமோடு காலையில் காட்பாடி ஜங்ஷன் வாசலில் நின்றால் ஆட்டோ ஹாரனுக்கு நடுவே கண்ட்ரோல் ரூம் கூப்பிடுவது கேட்காது. சரி, ஏற்றி வைக்கிறீர்கள். இப்போது புகார் கொடுத்த பெண்ணின் பெயரும் தெருவும் பக்கத்து டீக்கடை வரை கேட்கிறது. அவர் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

காதில் மாட்டினால் பின்னால் வருபவன் காலடி கேட்காது என்பார்கள். ஒரு காதில்தான் மாட்டுகிறோம், மறு காது திறந்தே இருக்கிறது.

சத்தத்தைக் காதுக்குக் கொண்டுவரும் சுருள் டியூப் வைத்த இயர்பீஸே நல்லது. செட்டை ஆன் செய்து, வால்யூமை இறக்கிவிட்டு, பிறகு காதில் வையுங்கள். பிளக்கில் திருகு இருந்தால் இறுக்குங்கள். ஓடும்போது பிளக் கழன்றால் மொத்தச் சத்தமும் ஸ்பீக்கரில் வெடிக்கும். வயரைச் சட்டைக்குள் விடுங்கள், வெளியே தொங்கினால் கைகலப்பில் பிடித்து இழுப்பார்கள். நம்ம வேலூர் வெயிலில் டியூபுக்குள் வியர்வை இறங்கிவிடும். ஒரு சொட்டு அடைத்தாலே சத்தம் மங்கிப்போகும். டியூபைத் தனியே கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். டியூட்டி முடிந்தும் காதில் இரைச்சல் நிற்கவில்லையென்றால் காது டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தயவுசெய்து ஒருவர் காதிலிருந்து எடுத்ததை இன்னொருவர் மாட்டாதீர்கள். காதுத் தொற்று அப்படியும் பரவலாம். அதிகாரிகளே, செட்டுக்கு டெண்டர் போடும்போதே இயர்பீஸையும் சேருங்கள். செட் பொதுவாக இருக்கட்டும், காதில் வைக்கும் முனையையாவது அவரவருக்குத் தனியாகக் கொடுங்கள்.