வாரத்துக்கு ஒரே ஒரு நீல மாத்திரை எதற்குக் காணும்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் நீல நிற மாத்திரை ஒன்றைக் கொடுத்து, டீச்சர் கண்முன்னேயே விழுங்கச் சொல்கிறார்களாம். "பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டு வாரத்துக்கு ஒன்று கொடுத்தால் எதற்குக் காணும்? தினமும் கொடுத்தால் அரசாங்கத்துக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் கஞ்சத்தனம் போலத்தான் தெரியும். ஆனால் இதற்கான விடை நம்முடைய கல்லீரலில் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். ரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின், அதன் நடுவே இரும்பு, அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆக்சிஜன் உடம்பெல்லாம் போகிறது. வளரும் வயதில் ரத்தத்தின் அளவே கூடுவதால் இரும்புத் தேவையும் கூடும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயில் இழப்பு வேறு. ஒரு மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை, ஆனால் பெரிய பங்கு அதற்குத்தான். அதனால்தான் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை என்ற திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நாடு முழுக்க நடக்கிறது. இப்போதைய நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு சிரப்.

சரி, 60 மில்லிகிராம் என்பது எவ்வளவு? நல்ல ஆரோக்கியமான ஒருவர் உணவிலிருந்து ஒரு நாளில் ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதித் தேவையை உடம்பு பழைய சிவப்பணுக்களை உடைத்து, அதிலிருக்கும் இரும்பை மறுபடி எடுத்துச் சமாளிக்கிறது. இப்படித் திரும்பக் கிடைப்பது தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல். ஆக, மாத்திரை கொண்டுவருவது உடம்பு பழகாத ஒரு வெள்ளம்.

இரும்பை உடம்பு இப்படி அளந்து வாங்குவதற்குக் காரணம் உண்டு. உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கூடுதல் இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு ஒரு வழியும் கிடையாது. உள்ளே வந்தது வந்ததுதான். தேங்கினால் கல்லீரலையும் இதயத்தையும் அரித்துவிடும். எனவே கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில்.

அந்த நுழைவாயில் சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே உள்சுவரில் செல்கள் ஒரே ஓர் அடுக்காக நிற்கின்றன. செல்லின் ஒரு பக்கம் உணவு, மறுபக்கம் ரத்தம். உணவுப் பக்கத்திலிருந்து இரும்பு செல்லுக்குள் ஓரளவு எளிதாக வந்துவிடும். அங்கிருந்து ரத்தத்துக்குப் போக ஒரே ஒரு வழிதான் உண்டு: ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எத்தனை அடி நின்றாலும் மதகு திறந்தால்தானே கால்வாய்க்கு வரும்? இந்த மதகுக்கான உத்தரவு கல்லீரலிலிருந்து வருகிறது. ரத்தத்தில் இரும்பு கூடிவிட்டது என்று தெரிந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மொத்தம் 25 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டி மூலக்கூறு. அது ரத்தத்தில் மிதந்து குடலுக்கு வந்து ஃபெரோபோர்ட்டினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும், செல் அந்த மதகையே உள்ளே இழுத்து உடைத்துவிடுகிறது! மூடுவது அல்ல, பிடுங்கி எறிவது. மறுபடி திறக்க வேண்டுமானால் புது மதகுதான் கட்ட வேண்டும்.

வழி போன பிறகு செல்லுக்குள் மாட்டிக்கொண்ட இரும்பு என்ன ஆகும்? ஃபெரிட்டின் என்ற புரதக் கூண்டுக்குள் அடைந்து காத்திருக்கும். குடல் செல்லின் ஆயுளே மூன்று முதல் ஐந்து நாள். நாள் முடிந்ததும் செல் உதிர்ந்துவிடும், அதோடு இரும்பும் மலத்தில் போய்விடும். வேண்டாததை வெளியே தள்ளத் தெரியாத உடம்பு, உள்ளே விடாமலே கழித்துவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இப்போது வாசகியின் கேள்விக்கு வரலாம். இன்று மதியம் மகள் மாத்திரை விழுங்குகிறாள். சில மணி நேரத்தில் ஹெப்சிடின் ஏறத் தொடங்கும். மறுநாள் அதே நேரத்திலும் அது இறங்கியிருக்காது. பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 48 மணி நேரம் ஆகும். ஆக, நாளைக்கே இன்னொரு மாத்திரை கொடுத்தால் அது பாதி மதகு இல்லாத அணைக்குத்தான் போய்ச் சேரும். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் ஆய்வாளர்கள் 2017இல் இதை அளந்தே காட்டினார்கள். இரும்புச் சேமிப்பு குறைந்த இளம்பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும், மற்றவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் 60 மில்லிகிராம் கொடுத்தார்கள். தினமும் சாப்பிட்டவர்கள் உறிஞ்சியது சுமார் 16 சதவீதம். விட்டு விட்டுச் சாப்பிட்டவர்கள் சுமார் 22 சதவீதம். போகாத மிச்ச இரும்பு குடலிலேயே கிடந்து குமட்டலையும் மலச்சிக்கலையும்தான் தரும். பிள்ளைகள் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிவதற்கு முக்கியக் காரணமே இந்தக் குமட்டல்.

"அப்படியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமே" என்று நீங்கள் கேட்பது சரி. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு வாரம் ஒன்று நிச்சயமாகக் காணாது. அவர்களுக்கு மருத்துவர் தினசரி மாத்திரை எழுதுவார், அதைச் சாப்பிடத்தான் வேண்டும். உறிஞ்சும் சதவீதம் குறைந்தாலும் மொத்தக் கணக்கில் கூடுதலாகவே சேரும். வாரம் ஒன்று என்பது குறை வராமல் தடுக்க. ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வாரம் ஒரு முறை விழுங்க வைப்பது நடக்கிற காரியம். இன்னொரு வேடிக்கை: குடல் செல்கள் சில நாளில் உதிர்ந்து புதிதாகும் என்ற கணக்கை வைத்துத்தான் 1990களில் வாராந்திர மாத்திரை யோசனையே பேசப்பட்டது. ஹெப்சிடினை அப்போது யாரும் கண்டதில்லை.

இரும்பில் அதற்குள்ள பங்கைக் கண்டதும் தற்செயலாகத்தான். பாரிஸில் ஓர் ஆய்வுக்குழு சர்க்கரை வளர்சிதை மாற்றத்தைப் படிப்பதற்காக எலிகளில் ஒரு ஜீனை முடக்கியது. எலிகளின் கல்லீரலில் இரும்பு குவிந்தது. சர்க்கரைக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் பார்த்தால், பக்கத்தில் இருந்த ஹெப்சிடின் ஜீனும் சேர்ந்து முடங்கிப் போயிருந்தது. 2001இல் வெளியான இந்த முடிவுதான் இரும்பின் காவலாளியைக் காட்டிக் கொடுத்தது. "எலிக் கல்லீரலை ஆராய்ந்து நாட்டுக்கு என்ன லாபம்?" என்று கேட்டு நிதியை வெட்டுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அவர்களை ஒருநாள் திருவட்டாறு பக்கம் ஏதாவது பள்ளியில் மாத்திரை கொடுக்கும் நேரத்தில் உட்கார வைக்க வேண்டும்.

ஹெப்சிடினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காய்ச்சல், தொற்று என்று வந்தால் இரும்பு குறைவாக இருந்தாலும் அது ஏறும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும், அதை ஒளித்து வைப்பது உடம்பின் தந்திரம். அடிக்கடி வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும் பிள்ளை எவ்வளவு முருங்கைக்கீரை தின்றாலும் தேறாததற்கு இது ஒரு காரணம். அதனால் நல்ல குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி எல்லாமே என் கணக்கில் ரத்தசோகைத் திட்டங்கள்தான்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு கவலை தனியாக உண்டு: கொக்கிப்புழு. ஈரமும் நிழலும் சூடும் சேர்ந்த மண்ணில் அதன் முட்டை பொரிந்து, வெறுங்காலில் தோல் வழியாக நுழையும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற, ரப்பர் தோட்டங்கள் அடர்ந்த மலையோரப் பகுதியில் அந்த ஈரத்துக்கும் நிழலுக்கும் பஞ்சமே இல்லை. கழிப்பறைகள் பெருகியதால் பழைய பயம் இப்போது இல்லை என்றாலும், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும் தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகளும் செருப்புப் போடுவது நல்லது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடவும் கூடாது. புழு குடிக்கிற ரத்தம் அப்படியே இருக்க, இரும்பு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது, 91.75 சதவீதம். அப்படியும் அசெம்பிளியில் பிள்ளை மயங்கி விழுந்தால் "கண்ணு பட்டிருக்கும்" என்று கயிறு மந்திரித்துக் கட்டும் வீடுகளை நான் அறிவேன். கயிறு கட்டுவதால் கெடுதல் இல்லை, அது தள்ளிப்போடுகிற இரண்டு மாதம்தான் கெடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் சோதனை இலவசம். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அது ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

வீட்டில் செய்யக்கூடியவை சில. சோறு உண்டதும் கட்டன் சாயா குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சாயாவின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரை நாளில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ நல்லது. மரச்சீனிக் கிழங்கில் இரும்பு மிகக் குறைவு, ஆனால் கூடவே தின்கிற மீன்கறி அந்த வேளையின் இரும்பு உறிஞ்சலைக் கூட்டிவிடும். அந்தச் சேர்க்கையைக் கண்டுபிடித்தவர்களுக்கு ஒரு வணக்கம். மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம், உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது.

கடைசியாக, விடுமுறைக்கு மாத்திரை அட்டையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அதை எட்டாத உயரத்தில் வையுங்கள். சர்க்கரை பூசிய நீல மாத்திரை சின்னத் தம்பிக்கு மிட்டாய் மாதிரித் தெரியும். பத்துப் பதினைந்து மாத்திரையை ஒரேயடியாக விழுங்கினால் குடல் சுவரே புண்ணாகி, மதகு கணக்கெல்லாம் உடைந்து, இரும்பு நேராக ரத்தத்துக்குள் பாயும். குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும் வாந்திக்காகக் காத்திருக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.