பிரீத்தபிள் பெயின்ட்: மூச்சா, ஆவியா?

சேலத்துப் பெயின்ட் கடைகளில் 'பிரீத்தபிள்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. தமிழில் கேட்டால் 'சுவாசிக்கும் பெயின்ட்' என்கிறார்கள். சுவர் எதைச் சுவாசிக்கிறது? உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகிப் பூச்சைத் தாண்டி வெளியே போகிறதா என்பதுதான் விஷயம்.

ஆங்கிலத்தில் முதலில் இது காற்றைப் பற்றிய சொல். சுவாசிக்கத் தக்கது என்று பொருள். துணிக்கும் பூச்சுக்கும் பிற்பாடுதான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் வேரான 'பிரெத்' பழைய ஆங்கிலத்தில் வாடையையும் ஆவியையும்தான் குறித்தது.

நமக்கு அந்தச் சுற்றே வேண்டாம். 'ஆவி' என்றால் மூச்சு, உயிர், இட்லிப் பானையில் எழுவது எல்லாம்தான். அதனால் 'ஆவிவிடும் பூச்சு' என்பேன்.

சொல்லைக் கொடுத்தவர் ஒரு கொத்தனார். சேலம் குகைப் பகுதியில் எங்கள் பழைய வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை. வெளிச்சுவருக்குப் பளபளவென்று எமல்ஷன் அடித்தோம். ஐப்பசி மழை முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம். ஒன்றை நகத்தால் கீறினேன். பெயின்ட் தோல் மாதிரி உரிந்தது. பின்னால் வெள்ளை உப்பு, மாவாய் உதிரும் காரை. "ஓதம் ஏறுற செவுத்துக்கு ஆவி போக வழி வேணும்ங்க, நீங்க பிளாஸ்டிக் சட்டை மாட்டிட்டீங்க" என்றார். (ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம்; பழந்தமிழில் கடலுக்கும் அதுதான் பெயர்.)

வெளியேற முடியாத ஈரத்திலுள்ள உப்பு பூச்சுக்கு அடியிலேயே படிகமாகிக் காரையை உடைக்கிறது. நீர்த்த சுண்ணாம்பு அடித்தால் அது கரியமில வாயுவை வாங்கி இறுகும், நுண்துளைகளும் திறந்தே இருக்கும். சுண்ணாம்பு என்றதும் ஊருக்கு வடக்கே தெரியும் வெள்ளைக் குன்றுகளை நினைக்காதீர்கள். வெள்ளைக்காரர் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தாலும் அங்கே இருப்பது மேக்னசைட், நம் வெள்ளைக்கல்.

இன்னொன்று சிலிகேட் பெயின்ட். 1878-ல் ஜெர்மனியில் அடால்ஃப் கைம் காப்புரிமை பெற்ற வகை. காரையோடு வேதிமுறையில் பிணையும், விலை கூடுதல். டின்னில் 'எஸ்டி' மதிப்பு, அதாவது பூச்சு ஆவியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, போட்டிருந்தால் பாருங்கள்: 0.14 மீட்டருக்குக் கீழே என்றால் ஐரோப்பியக் கணக்கில் ஆவி நன்றாகப் போகும்.

எதை அடித்தாலும் பழைய எமல்ஷனைச் சுரண்டியாக வேண்டும். எங்களுக்கு அதற்கே நான்கு நாள் ஆனது. இப்போது சுண்ணாம்புதான். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது.