அவலாஞ்சி, பனிச்சரிவு, நிலச்சரிவு

உதகையிலிருந்து தென்மேற்கே, எமரால்டையும் தாண்டிச் சென்றால் அவலாஞ்சி. ஏரி, சோலைக்காடு, மின்வாரியத்தின் அணை. காதுக்கு மலைமக்களின் பழம்பெயர் போலவே ஒலிக்கிறது. ஆனால் அது 'அவலாஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்தான்; நம் நாவில் பழகி இகரம் ஏற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்தது. அதை வைத்து வெள்ளையர் இட்ட பெயர் இது.

அகராதியைப் புரட்டினால் 'அவலாஞ்ச்' என்பதற்குப் பனிச்சரிவு என்று பொருள் இருக்கும். இமயத்துக்கும் ஆல்ப்ஸுக்கும் அது பொருந்தும். நீலகிரிக்குப் பொருந்தாது. மார்கழி, தை மாதங்களில் இங்கே விழுவது உறைபனி. விடியலில் புல்வெளியை வெளுக்கச் செய்துவிட்டு, வெயில் ஏறியதும் கரைந்துவிடும். சரிந்து ஊரை மூடுவதில்லை. இங்கே சரிந்தது மண்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஆல்ப்ஸ் மலைநாட்டு வட்டார வழக்கில் அது 'லவாஞ்ச்'. பள்ளத்தாக்கை நோக்கி இறங்குவதைக் குறிக்கும் 'அவலே' என்ற பிரெஞ்சு வினையின் சாயல் படிந்து, முன்னால் ஓர் அகரம் சேர்ந்துகொண்டது. அடிவேர், வழுக்குதலைக் குறிக்கும் லத்தீன் வினை என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த வேரில் பனி இல்லை, வழுக்கல்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நீலகிரியில் மண் பெயர்ந்ததற்கு இந்தப் பெயரை இட்டது பிழை ஆகாது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'சரி' என்ற வினையிலிருந்து பிறந்தது சரிவு. மலையின் சாய்ந்த பக்கமும் சரிவுதான், அது பெயர்ந்து விழுவதும் சரிவுதான். தேயிலை பறிக்கும் பெண்கள் நாள் முழுவதும் நிற்கும் இடத்துக்கும், மழைக்கால இரவில் அவர்கள் அஞ்சும் நிகழ்வுக்கும் ஒரே பெயர். இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் உண்டு, சாரல். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் கருங்கோல் குறிஞ்சி பூப்பது சாரலில். அங்கே அது மலைப்பக்கம். இன்று சாரல் என்றால் காற்றில் சாய்ந்து விழும் தூறல். மலையின் சாய்வும் மழையின் சாய்வும் ஒரு சொல்லுக்குள் குடியிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த மொழிமேல் அன்பு கூடுகிறது.

ஆனால் அண்மைக் காலத்தில் மலை கண்ட மழையைச் சாரல் என்று சொல்ல வாய் வராது. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை 'அதி கனமழை' என்கிறது. இது அதைப்போல் நான்கு மடங்கு. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2009 நவம்பரில், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கத்தைத் தாக்கியது. சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நிலம் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தூக்கத்திலேயே புதைந்தவர்களும் அவர்களில் உண்டு.

தனியொரு மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆனால் போக்கு தெளிவானது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். சூடேறிய கடலிலிருந்து அந்த ஈரம் வந்து மலையில் மோதும்போது, பல நாள் நின்று பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. நீலகிரியின் சார்னோகைட் பாறை காலங்காலமாகச் சிதைந்து, பல இடங்களில் மீட்டர் கணக்கில் ஆழமான செம்மண்ணாகக் கிடக்கிறது. மெல்லப் பெய்யும் மழையைச் சோலையும் புல்வெளியும் உறிஞ்சி ஊற்றாகக் கசியவிடும். கொட்டும் மழையில் மண்ணின் துளைகளெல்லாம் நீர் நிரம்பி அழுத்தம் ஏறுகிறது; துகள்களுக்கு இடையிலான பிடி விட்டுப்போகிறது. நீரின் எடையும் சேர, பாறைமேல் படிந்திருந்த மண் நழுவுகிறது.

இந்த இடத்தில் இலக்கணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சரிதல் தன்வினை, சரித்தல் பிறவினை. செய்தியில் எப்போதும் 'நிலம் சரிந்தது' என்றே படிக்கிறோம். புல்வெளியை அழித்துக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்டது, செங்குத்தான நிலத்தைக் கிளறி கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டது, சாலைக்காகவும் விடுதிக்காகவும் மலையின் அடித்தாங்கலை வெட்டியது, ஓடையை மறித்துக் கட்டியது என்று இத்தனைக்கும் பிறகு தன்வினை மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். பல இடங்களில் நிலம் சரிக்கப்பட்டது. 'இயற்கைச் சீற்றம்' என்ற தொடரை நான் எழுதுவதில்லை. வெட்டியவர் பெயர் அதில் மறைந்துபோகிறது, புதைந்தவர் பெயரும் மறைந்துபோகிறது. பெரும்பாலும் அவர்கள் வேறிடம் வாங்க வழியில்லாமல் விளிம்பில் வீடு கட்டியவர்கள்.

சரி, எதற்கு எந்தச் சொல்? சாலையோரத் திட்டு இடிந்து விழுவது மண்சரிவு. இலங்கைத் தமிழ் இதழ்கள் பெரிய நிகழ்வுக்கும் இந்தச் சொல்லையே ஆளுகின்றன. மண், பாறை, மரம், வீடு எல்லாம் சேர்ந்து மலைப்பக்கமே நகர்ந்தால் நிலச்சரிவு. கல்மட்டும் பெயர்ந்து வந்தால் பாறைச்சரிவு. பனிச்சரிவை இமயத்துக்கு விட்டுவிடலாம்.

நான்காவதாக ஒன்று மிச்சம் இருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று, கூடலூர், பந்தலூருக்கு அடுத்த வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்ததை மலையாளத்தில் 'உருள்பொட்டல்' என்கிறார்கள். மேலே பிளந்த மண்ணும் பாறையும் ஓடை நீரோடு கலந்து, கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்து வருவது அது. தமிழ்ச் செய்திகள் இதையும் நிலச்சரிவு என்றே எழுதின. 'சேற்றுவெள்ளம்' என்று தனியே சொல்லலாம் என்பது என் பரிந்துரை. சரிவின் மேல் இருப்பவர் மட்டுமன்றி, வெகுதூரம் கீழே ஓடைக்கரையில் சமநிலத்தில் இருப்பவரும் இதில் அடித்துச் செல்லப்படுகிறார். 'நிலச்சரிவு அபாயம்' என்ற எச்சரிக்கையைப் படித்து, அது மலைமேல் இருப்பவர்களுக்கு என்று எண்ணி அவர் வீட்டிலேயே தங்கிவிடக்கூடும். 'சேற்றுவெள்ளம் வரக்கூடும், ஓடைக்கரையில் உள்ளோர் இருட்டுமுன் மேட்டுக்குச் செல்லவும்' என்று எழுதினால் அவர் கிளம்புவார்.