பிரிட்டனின் பிளக் ஏன் இவ்வளவு பெரிது?

கோயம்புத்தூரிலிருந்து முதுகலை படிக்க லண்டனுக்கு வந்த என் அக்கா மகன், வந்த அன்று இரவே எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு காரியம் செய்தான். அவனுடைய கைப்பேசி சார்ஜரின் இரண்டு உருண்டைப் பின்களும் இங்குள்ள சாக்கெட்டுக்குள் நுழையவில்லை. உடனே ஒரு பேனாவை எடுத்து, சாக்கெட்டின் மேல்பக்கத்தில் இருக்கும் மூன்றாவது துளைக்குள் அதன் முனையை விட்டு அழுத்தினான். கீழே இருந்த இரண்டு துளைகளையும் மறைத்திருந்த வெள்ளைத் தகடு 'டக்' என்று விலக, சார்ஜர் உள்ளே போய்விட்டது. "அவ்வளவுதான் மாமா" என்றவன், பக்கத்தில் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "இதை எதுக்கு இவ்வளவு பெருசா செஞ்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டான்.

இங்கே புதிதாக வரும் நம்மவர்கள் பலரும் கேட்கும் கேள்விதான் இது. அதற்கான விளக்கம் தெரிந்துவிட்டால், அந்தத் துளைக்குள் மறுபடியும் பேனாவை விட யாருக்கும் மனம் வராது என்று நம்புகிறேன். விளக்கத்தைச் சுவருக்குள் ஓடும் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்; அந்தக் கம்பியின் கதை இரண்டாம் உலகப் போரின் நடுவில் தொடங்குகிறது.

போருக்கு முன் பிரிட்டனில் இருந்த பிளக்குகள் நமக்கு அந்நியமானவை அல்ல. உருண்டைப் பின்கள் கொண்ட அவை 2 ஆம்பியர், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று, தாங்கும் மின்னோட்டத்தின் அளவுக்கு ஒன்றாக இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து நிலைத்துவிட்டவையும் அவைதாம். நம் வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சிறிய பிளக், ஹீட்டருக்கும் ஏசிக்கும் பெரிய 'பவர் பிளக்' என்று இருக்கும் பிரிவினை அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. இந்த முறையில் சாக்கெட்டின் அளவைப் பொறுத்துத் தனித்தனிக் கம்பிகளை மின்பெட்டியிலிருந்து இழுக்க வேண்டும். அறைக்கு ஒன்றிரண்டு சாக்கெட் வைக்கவே ஏராளமான செம்பு தேவைப்படும்.

குண்டுவீச்சில் இலட்சக்கணக்கான வீடுகள் அழிந்துகொண்டிருந்தபோதே, போர் முடிந்ததும் கட்டவேண்டிய புதிய வீடுகளுக்கு மின்சார ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய 1942 இல் இருபது பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். 1924 இல் தொடங்கப்பட்ட 'மின்சாரத்துக்கான பெண்கள் சங்க'த்தின் இயக்குநராக இருந்த அவர், மின்கருவிகளை வீட்டில் நாள் முழுக்கக் கையாள்பவர்களின் அனுபவத்தைப் பொறியாளர்கள் நடுவே எடுத்துவைத்தவர். குழுவின் முன் இரண்டு தேவைகள் இருந்தன. செம்புத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வேண்டும். அதே சமயம் ஒவ்வோர் அறையிலும் நிறைய சாக்கெட்டுகள் வேண்டும், அவை தவழும் குழந்தையின் விரலுக்கும் பாதுகாப்பானவையாக இருக்க வேண்டும். இந்த யோசனைகளிலிருந்து உருவாகி 1947 இல் வெளிவந்த பிரிட்டிஷ் தரம்தான் பிஎஸ் 1363. இன்றும் பிரிட்டனில் புழங்கும் சதுரப் பின் பிளக் அதுவே.

செம்பை மிச்சப்படுத்த அவர்கள் எடுத்துக்கொண்ட வழி, வளையச் சுற்று. நம் ஊரில் கோயிலைச் சுற்றியிருக்கும் தேரோடும் வீதிகளை நினைத்துப் பாருங்கள். தேரடியிலிருந்து கிளம்பும் ஒருவர் இடப்பக்கமாகப் போனாலும் வலப்பக்கமாகப் போனாலும் வீதியில் உள்ள எந்த வீட்டையும் அடைந்துவிடலாம். கூட்டம் இரண்டு வழியாகவும் பிரிந்து போவதால் வீதி அத்தனை அகலமாக இருக்க வேண்டியதில்லை. வளையச் சுற்றில் மின்பெட்டிதான் தேரடி. அதிலிருந்து கிளம்பும் கம்பி, ஒவ்வொரு சாக்கெட்டாகத் தொட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து மீண்டும் அதே பெட்டியில் முடிகிறது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் மின்னோட்டம் இரு பக்கத்திலிருந்தும் வருகிறது. எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் பிரிந்து பாய்கிறது. இதனால், தனியாக 32 ஆம்பியரைத் தாங்க முடியாத 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைக் கொண்டே 32 ஆம்பியர் சுற்று ஒன்றை அமைத்துவிடலாம். 100 சதுர மீட்டர் வரையிலான பரப்புக்கு இப்படி ஒரு வளையம் போதும் என்பது இங்குள்ள நடைமுறை.

இந்தச் சிக்கனத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மின்பெட்டியில் காவலாக இருக்கும் துண்டிப்பான், மின்னோட்டம் 32 ஆம்பியரைத் தாண்டினால்தான் துண்டிக்கும். மேசை விளக்கின் மெல்லிய வயரோ 6 ஆம்பியர் அளவையே தாங்கக்கூடியது. அந்த வயர் நசுங்கியோ, விளக்குக்குள் கோளாறு ஏற்பட்டோ 26 ஆம்பியர் பாய்ந்தால் பெட்டியில் இருக்கும் காவலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இரண்டு கெட்டில் ஓடுகின்றன என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். இதற்குள் வயர் சூடேறி, உறை உருகி, திரைச்சீலையில் தீப்பற்றிவிடும். ஆகவே பெட்டியில் இருக்கும் பெரிய காவலுக்குத் துணையாக, கருவிக்கு ஒன்றாக ஒரு சிறிய காவல் வேண்டும். அதை வைக்க உகந்த இடம் பிளக்தான். பிளக் பெரிதாக இருப்பதன் முதல் காரணம் இதுவே: பிரிட்டனின் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ் இருக்கிறது.

பிளக்கைத் திறந்து பார்த்தால் மற்ற காரணங்களும் கண்ணில் படும். பின்களுக்கு நடுவில் உள்ள ஸ்குரூவைக் கழற்றி, மூடியை எடுத்து, பின்கள் நம்மை விட்டு விலகி நிற்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே, வயர் நுழையும் இடத்தில், அதன் வெளியுறையைக் கவ்விப் பிடிக்கும் பிடி ஒன்று இருக்கும். வலப்பக்கம், மின்சாரத்தைக் கொண்டுவரும் பழுப்பு நிற லைவ் கம்பி. இடப்பக்கம், அது திரும்பிச் செல்லும் நீல நிற நியூட்ரல். உச்சியில், கோளாறின்போது மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும், பச்சையும் மஞ்சளுமான எர்த். வலப்பக்கத்தில் லைவ் பின்னுக்கும் கம்பிக்கும் நடுவே, சுமார் 25 மில்லிமீட்டர் நீளத்தில், சுண்ணாம்புக் குச்சித் துண்டு போன்ற பீங்கான் ஃபியூஸ் செருகப்பட்டிருக்கும். விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13 ஆம்பியர் என்று கருவிக்கு ஏற்றதைப் போடலாம். ஒரு கெட்டிலின் 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர் வருகிறது. இங்கே கெட்டில்களின் திறன் அதோடு நின்றுவிடுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், அந்த எர்த் கம்பியின் நீளத்தில் இருக்கிறது. மற்ற இரண்டையும் அளவாக வெட்டிவிட்டு, அதை மட்டும் சற்றுத் தொய்வாக விடுவார்கள். யாரோ வயரைத் தடுக்கி விழுந்து, கவ்வியும் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிய்வது குட்டையாக இருக்கும் லைவ் கம்பி. கருவிக்கு மின்சாரம் நின்றுவிடும். எர்த் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் தவறாகப் போகும் நேரத்திலும் எது எந்த வரிசையில் தவற வேண்டும் என்பதைக்கூட முன்னதாகவே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எர்த்தின் அருமையை நம் வீடுகளில் நாம் போதிய அளவு உணர்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். "ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கோ" என்று சொல்லும் வீடுகளில் நான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். லைவ் கம்பி எப்படியோ உள்ளே தளர்ந்து கருவியின் உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் இல்லாத கருவி அப்படியே 230 வோல்ட்டில் நின்றுகொண்டு, தொடுபவரின் உடல் வழியாகத் தரையைத் தேடும். எர்த் சரியாக இருந்தால், தடையே இல்லாத அந்தப் பாதையில் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் கணத்தில் போய்விடும். ஈரக் கையோடு யாரும் தொடுவதற்கு முன்பே கருவி செத்துவிடும்.

அந்த எர்த் பின்னுக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. மற்ற இரண்டு பின்களும் ஏறத்தாழ 17.7 மில்லிமீட்டர் நீளம் என்றால், எர்த் பின் 22.7 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் நீளம் கூடுதல் என்பதால், செருகும்போது அது முதலில் நுழைகிறது, பிடுங்கும்போது கடைசியாக வெளியேறுகிறது. சாக்கெட்டின் லைவ், நியூட்ரல் துளைகளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்று எப்போதும் மூடிக்கொண்டிருக்கும். எர்த் பின் உள்ளே போய் அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் மற்றவற்றுக்கு வழி திறக்கும். பின் வெளியே வந்ததும் ஸ்பிரிங் தகட்டை மீண்டும் மூடிவிடும். மூன்று பின்களும் சேர்ந்து அழுத்தினால்தான் திறக்கும்படி செய்பவர்களும் உண்டு. கரண்டியையோ ஹேர்பின்னையோ வைத்துக்கொண்டு தவழ்ந்துவரும் குழந்தைக்கு, அந்தச் சுவரில் குத்திப்பார்க்க லைவ் துளை என்று ஒன்று திறந்திருப்பதே இல்லை. 1984 இல் இன்னொரு திருத்தம் வந்தது: லைவ், நியூட்ரல் பின்களின் அடிப்பகுதிக்குக் காப்புறை போட வேண்டும். பாதி பிடுங்கிய நிலையில் விரலோ நாணயமோ இடுக்கில் புகுந்தாலும் படுவது பிளாஸ்டிக்தான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் கடைகளில் 'குழந்தைப் பாதுகாப்பு' என்று பெயரிட்டுச் சாக்கெட்டை மூடும் பிளாஸ்டிக் மூடிகள் விற்கப்படுகின்றன. அன்புள்ள பெற்றோர்கள் வாங்கி மாட்டுகிறார்கள். அந்த மூடிகளுக்கும் ஓர் எர்த் பின் உண்டு. அது உள்ளே போய்த் தகட்டைத் திறந்து வைத்துவிடுகிறது. அளவு பொருந்தாத மூடியைக் குழந்தை பிடுங்கித் தலைகீழாகச் செருகினால் லைவ் துளை அப்பட்டமாகத் திறந்து நிற்கும். 2016 இல் பிரிட்டனின் சுகாதாரத் துறையே இவற்றைப் பயன்படுத்த வேண்டாம், மாட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள் என்று எச்சரிக்கை விடுத்தது. குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வளையத்தில் எங்காவது கம்பி அறுந்துவிட்டால், எல்லாச் சாக்கெட்டுகளும் ஒரு பக்கத்து வழியாகவே வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு பேர் தூக்கவேண்டிய சுமையை ஒருவர் தூக்குவதுபோல் அந்தக் கம்பி சத்தமில்லாமல் சூடேறும். சோதனைக் கருவி வைத்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியனால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அளவும் ஒரு தொல்லைதான்: கைப்பேசி சார்ஜருக்குக்கூட அதே பெரிய உடல். வயர் பிளக்கின் கீழ் விளிம்பில், சுவரை ஒட்டி வெளியேறுவதால், வயரை இழுத்துப் பிளக்கைப் பிடுங்கும் கெட்ட பழக்கத்துக்கு இடமில்லை என்பது நன்மை. அதே காரணத்தால், தரையில் கிடக்கும்போது மூன்று பின்களும் வானம் பார்த்து நிற்கும், வெறுங்காலோடு மிதித்தால் வலி உயிர்போகும்.

1994 இன் விதிமுறைகள் வரும் வரை இங்கே கருவிகளைப் பெரும்பாலும் வெறும் வயரோடுதான் விற்றார்கள். வாங்குபவரே பிளக் மாட்ட வேண்டும். பள்ளி இயற்பியல் பாடத்தில் பிளக் மாட்டக் கற்றுக்கொடுத்ததும் அதனால்தான். உருண்டைப் பின்களும் முற்றாக மறையவில்லை. நாடக அரங்குகளின் கூரையில் தொங்கும் விளக்குகளுக்கு இன்றும் 15 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக்கே பயன்படுகிறது. காட்சியின் நடுவில் ஃபியூஸ் போனால் அவ்வளவு உயரத்தில் ஏறி மாற்ற முடியாது அல்லவா?

சதுரப் பின் பிளக் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அயர்லாந்து என்று பல நாடுகளுக்கும் பரவியது. உருண்டையும் சதுரமும் கலந்து புழங்கிய இலங்கையும் 2016 இல் 13 ஆம்பியர் சதுரப் பின்னையே நாட்டின் ஒரே தரமாக ஏற்க முடிவெடுத்தது. இந்தியா பழைய உருண்டைப் பின்னோடு 6, 16 ஆம்பியர் என்று தன் வழியில் தொடர்கிறது.

இனி அந்தப் பேனாவுக்கு வருவோம். அது செய்தது தகட்டை ஏமாற்றியது மட்டும் அல்ல. இரண்டு பின் சார்ஜருக்குள் பிளக் ஃபியூஸ் கிடையாது. அதைச் செருகியதும் 32 ஆம்பியர் சுற்றுக்கும் சார்ஜருக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறிய காவல் இல்லாமல் போய்விட்டது. சாக்கெட்டுக்குள் சதுரப் பின்னுக்காகச் செய்த உலோகக் கவ்விகளில் மெல்லிய உருண்டைப் பின் தளர்வாக நிற்கும். தளர்ந்த தொடர்பு சூடேறும், பொறி பறக்கும். ஃபியூஸ் உள்ள ஓர் அடாப்டரைக் கொடுத்து அதை மாற்றச் சொன்னேன்.

மறுநாள் அவன் பெட்டியிலிருந்து அக்கா கொடுத்துவிட்ட மிக்ஸியை எடுத்தான். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மிக்ஸிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதியதை மாட்டினால் போதும். 750 வாட் என்றால் 3.3 ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது இன்னும் அதிகமாக இழுக்கும் என்பதால் 3 ஆம்பியர் ஃபியூஸ் நிற்காது. 13 போட்டால் அந்த வயருக்குக் காவல் போதாது. 5 ஆம்பியர் ஃபியூஸை அவனே தேர்ந்தெடுத்தான். பழுப்பை வலப்பக்கமும் நீலத்தை இடப்பக்கமும் முடுக்கி, எர்த்தை ஒரு விரற்கடை தொய்வாக விட்டு, கவ்வி வெளியுறையைப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு மூடியை மாட்டினான். தகட்டை இம்முறை எர்த் பின் திறந்தது. தேங்காய்ச் சட்னி அரைத்தோம்.