கோப்பித்தூள்ல கழுவுற படம்

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல, பக்கத்து தாமான் (குடியிருப்பு) அண்ணன் ஒருத்தரு தனியாளா படம் எடுக்குறாரு, கதையெல்லாம் கிடையாது, செம்பனை மட்டை காத்துல ஆடுறது, பழைய லயத்து சுவர்ல வெயில் நகர்றது, இப்படித்தான். எல்லாம் சூப்பர் 8ங்கற சின்ன சினிமா ஃபிலிம். கோடாக் கம்பெனி 1965ல கொண்டுவந்தது, ஒரு கார்ட்ரிட்ஜ் 50 அடி, செகண்டுக்கு 18 ஃபிரேம் ஓட்டுனா 3 நிமிஷம் 20 செகண்ட்ல முடிஞ்சுரும். அத எந்த லேபுக்கும் அனுப்பாம, ராத்திரி குளியலறைய இருட்டாக்கிட்டு இன்ஸ்டன்ட் கோப்பித்தூள்ல கழுவுறாரு.

ஃபிலிம் மேல ஜெலட்டின் பூசியிருக்கும், அதுக்குள்ள வெள்ளி உப்பு பொடிப்பொடியா கிடக்கும். ஒவ்வொரு பொடியையும் ஒரு கிண்ணம் பால்னு வச்சுக்குங்க. வெளிச்சம் பட்ட கிண்ணத்துல மட்டும் உறை விழுது, அதாவது நாலஞ்சு வெள்ளி அணு சேர்ந்து ஒட்டிக்குது. கண்ணுக்கு ஒன்னும் தெரியாது. கோப்பித் தண்ணியில போட்டதும் அந்த நாலஞ்சு அணு இருக்குற எடத்துலேருந்து ஆரம்பிச்சு, பொடியில மிச்சமிருக்குற கோடிக்கணக்கான வெள்ளி அயனியும் எலக்ட்ரான் வாங்கி கருப்பு வெள்ளியா மாறிடும், சொட்டு மோர் மொத்த பாலையும் தயிராக்குற மாதிரி.

எலக்ட்ரான் குடுக்குறது கஃபீன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, இல்ல, கோப்பியில இருக்குற கஃபேயிக் ஆசிட் மாதிரி பீனால்ங்கற ரசாயனங்கதான். அதுங்களுக்கு காரத்தன்மை வேணும், அதுக்குத்தான் வாஷிங் சோடா (பலகாரத்துக்கு போடுற சோடா ஆகாது). 1995ல அமெரிக்காவுல ரோச்செஸ்டர்ல ஒரு காலேஜ் வகுப்புல இந்த கோப்பிக் கழுவல கண்டுபிடிச்சாங்க, வைட்டமின் சி பின்னாடி சேர்ந்தது. லிட்டருக்கு 40 கிராம் கோப்பி, 54 சோடா, 16 வைட்டமின் சி, 20 டிகிரியில 15 நிமிஷம். வெல கொறஞ்ச ரொபஸ்டா கோப்பிதான் இதுக்கு நல்லது, அந்த பீனால் அதுல ஜாஸ்தி.

நம்ம ஊர்ல 20 டிகிரிதான் பெரிய பாடு. வெயில் காலத்துல தயிர் சீக்கிரம் புளிக்குமே, அதே கததான், தண்ணி சூடா இருந்தா உறை விழாத கிண்ணமும் திரிய ஆரம்பிச்சுரும், படம் முழுக்க மூட்டம் போட்ட மாதிரி ஆயிரும், அதனால வாளிய சுத்தி ஐஸ் கட்டி. 15 மீட்டர் ஃபிலிமையும் வாளியில மீ (நூடுல்ஸ்) மாதிரி அமுக்கிடுறாரு, ஒன்னோட ஒன்னு ஒட்டுன எடத்துல கழுவல் ஒழுங்கா ஏறாது, திட்டுத்திட்டா வரும், அண்ணனுக்கு அந்த திட்டுதான் வேணும், எனக்கும் அத ரொம்ப புடிக்கும்.

அப்புறம் ஹைப்போங்கற உப்புக் கரைசல், உறை விழாத பாலையெல்லாம் அது கரைச்சு வெளியேத்திரும். விடியக்காலையில துணிக் கொடியில ஃபிலிம் தொங்கும், வெளிச்சம் பட்ட எடமெல்லாம் கருப்பா, வானம் கருப்பு, மட்டை வெள்ளை. காஞ்சதும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல கருப்ப வெள்ளையா, வெள்ளைய கருப்பா மாத்திப் போட்டாதான் பகலாகும்.