கேரியர் என்றால் டிபன் கேரியரா?

"கேரியர்னு போட்டிருக்கே டாக்டர், எனக்கு என்ன நோய்?"

கேட்டவர் பத்து வாரக் கர்ப்பிணி. கையிலிருந்த ரிப்போர்ட்டில் சில எண்கள், ஒரு வரைபடம், அடியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. காசு கட்டி எடுத்தவருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அந்த இரண்டு வரியைத் தமிழிலும் அச்சடிக்க லேப்களுக்கு என்ன சிரமமோ!

டிபன் கேரியரை வைத்தே சொன்னேன். அது சாப்பாட்டைச் சுமக்கும், சாப்பிடாது. ரிப்போர்ட் சொன்னது பீட்டா தலசீமியாவை, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயை. அதற்குக் காரணமான மரபணு நமக்கு இரண்டு பிரதி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் மட்டும் பழுது என்றால் கேரியர். லேசான ரத்தசோகை இருக்கலாம், மற்றபடி நலம்தான். இரண்டுமே பழுதானால்தான் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய். அந்தக் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

"அப்ப இவரும் டெஸ்ட் எடுக்கணும்" என்று கணவரைக் காட்டினேன்.

"அவனுக்கு எதுக்கு? நல்லாத்தானே இருக்கான்" என்றார் மாமியார்.

"உங்க மருமகளும் நல்லாத்தாம்மா இருக்காங்க."

"எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்ல."

எந்தக் குடும்பம்? மருமகள் அவருடைய அண்ணன் மகள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. பழுது யார் பக்கம் என்று பிரிக்க அங்கே இரண்டு பக்கமே இல்லை.

என்னை உறுத்தியது வேறு. அந்தப் பெண்ணின் ஃபைலில் கல்லூரிக் காலத்து ரத்தப் பரிசோதனை இருந்தது. சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64, எண்பதுக்குக் குறையக் கூடாது. ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை தாராளம். இரும்புச் சத்துக் குறைவில் பொதுவாக எண்ணிக்கையும் சரியும், இங்கே சரியவில்லை. அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காக அயர்ன் மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. முறையில் அதில் ஒரு வகையான ஹெச்.பி.ஏ2 அளவும் பார்த்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர்தான். இரும்புச் சத்து மிகக் குறைந்திருந்தால் இந்த அளவு சற்று இறங்கி ஏமாற்றும். அதையும் கவனிக்க வேண்டும்.

கணவரும் கேரியர் என்றே வந்தது. "நாலு பிள்ளை பெத்தா ஒண்ணுக்கு வரும், அப்படித்தானே?" என்றார். இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம், ஒவ்வொரு முறையும் புதிதாக. தாயக்கட்டைக்குப் போன ஆட்டம் நினைவிருக்காது.

பன்னிரண்டாவது வாரம் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துப் பரிசோதித்தார்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபணு நோயைக் கண்டறிய இதை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது. முடிவு எதுவானாலும் தீர்மானம் உங்களுடையது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். குழந்தையும் கேரியர், நோய் இல்லை.

ரிப்போர்ட் வாங்க வந்த அன்று மாமியார் மட்டும் பின்தங்கி நின்றார். "சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம் டாக்டர். யாருக்கும் தெரியாம அவளுக்கும் இந்த டெஸ்ட்டை எடுத்துத் தர்றீங்களா?"

"எடுக்கலாம்மா. ஆனா அவங்களே வந்து சம்மதிக்கணும். ரிப்போர்ட்டும் அவங்க கையிலதான் கொடுப்பேன்" என்றேன்.